தாராக் கதையின் மிச்சப் பாதி

மாவு பிசைஞ்ச கையைத் துடைக்காமலே கதவு திறக்கிற என்ரை ஜான்சுராத் அக்காவுக்கு,

நீங்கள் போன பிறகு மூண்டாம் மாடியில செருப்புச் சத்தம் இல்லை. வியாழக்கிழமை உங்கட தோய்க்கிற நாளெல்லோ, கட்டடம் பாக்கிற ஹவுஸ்வார்ட் உங்கட வீட்டுக்கு வேற நாளைத் தந்து, அதை நாலாம் மாடிப் பெடியனுக்கும் பெட்டைக்கும் குடுத்திட்டான். அதுகள் சப்பாத்தையும் மெஷினுக்குள்ள போடுகுதுகள். நீங்கள் இருந்தால் பேசாமல் சிரிச்சுக்கொண்டு நிப்பீங்கள். நான் பேசிப்போட்டன்.

உங்களிட்டைக் கேக்க எனக்குக் கன கேள்வி இருக்கு. முதலாவது அந்தத் தாராப் பறவைக் கதை. அதை நான் இப்ப முழுக்கக் கேட்டிட்டன், அக்கா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஐஞ்சாம் வகுப்போட நிப்பாட்டின கை, எழுத்துக் கோணலாத்தான் வரும்.

வாசிக்கிற சனத்துக்கு உங்களைத் தெரியாது. அதனால உங்களுக்குத் தெரிஞ்ச உங்கட கதையை உங்களுக்கே திருப்பிச் சொல்லுறன், குறை நினையாதேங்கோ. பிழையாச் சொன்னால் கனவில வந்து திருத்துங்கோ.

சுவிஸில, எம்மன்புரூக்கேயில, எங்கட கட்டடத்துக்குக் கீழ, உடுப்புத் தோய்க்கிற நிலவறையிலதான் உங்களை முதல்ல கண்டன். நரைச்ச தலையில சின்னத் துண்டு, நேரான முதுகு. மகன் இஞ்ச இரும்புத் தொழிற்சாலையில வேலை, புருஷன் செத்துப்போன பிறகு மகனோட வந்து இருக்கிறீங்கள் எண்டு முதல் ஐஞ்சு நிமிஷத்திலயே கேட்டு அறிஞ்சிட்டன். எங்கட சனம் அப்பிடித்தானே. ஊர், பிள்ளையள், வருத்தம், ஆர் கட்டினது, ஆர் கட்டேல்லை, எல்லாம் கேட்டு முடிச்சால்தான் எங்களுக்கு மூச்சு வரும். நீங்கள் எல்லாத்துக்கும் மறுமொழி சொன்னீங்கள். என்னை ஒண்டும் கேக்கேல்லை. அடுத்த கிழமையும் கேக்கேல்லை. சரியான பெருமைக்காரி எண்டு நான் மனதில எழுதி வைச்சிட்டன். நான் எழுதி வைச்சால் அது அழியாது.

பிறகு ஒருநாள் பொறுக்கேலாமல் கேட்டன், நான் என்ன மனிசரில்லையோ, என்னைப் பற்றி ஒரு சொல்லும் கேக்க மாட்டீங்களோ எண்டு. உங்கட ஊரில வந்தவையை மூண்டு நாளைக்கு ஒண்டும் கேக்கப்படாதாம். பேரைக் கேக்கிறதும் மரியாதையில்லையாம். நான் சொன்னன், "நான் உங்கட வீட்டு விருந்தாளியில்லை. ரெண்டாம் மாடியில வாடகை குடுத்து இருக்கிறவள்." நீங்கள் கண்ணால தண்ணி வரச் சிரிச்சீங்கள். பேந்து மெஷின் நிக்குமட்டும் கேள்வி கேள்வியாக் கேட்டீங்கள். ரெண்டு பேருடைய ஜேர்மனும் நொண்டி. ரெண்டு நொண்டியும் தோளில கை போட்டுக்கொண்டு நடந்த மாதிரித்தான் நாங்கள் கதைச்சது.

ரஷ்யாவின்ரை தெற்குப் பக்கத்தில, கவ்காஸ் மலையடியில கபர்தியர் எண்டு ஒரு சனம் இருக்கு எண்டு உங்களாலதான் எனக்குத் தெரியும். உங்களுக்கும் எங்களைத் தெரியாது. அதில சரிக்குச் சரி. நீங்கள் தினைமாவைக் கட்டியாக் கிண்டிச் சோத்துக்குப் பதிலா வெட்டிவைச்சுத் தின்னுறதைப் பாத்து, இது எங்கட களியெல்லோ எண்டு நான் சொல்ல, நீங்கள் நம்பேல்லை. நான் கிண்டிக் காட்டினன். கட்டி பட்டிட்டுது எண்டு குறை சொன்னீங்கள். அதையும் நான் மறக்கேல்லை.

கலியாணம் முடிச்சுப் போன வீட்டில புருஷன்ரை ஆக்களின்ரை பேரைப் பொம்பிளை சொல்லக்கூடாது எண்டது உங்கட வழக்கம். எங்களுக்குப் புருஷன்ரை பேர் மட்டும்தான் வாயில வராது. உங்களுக்கு மாமா, மாமி, மச்சான், மச்சாள், அந்த வீட்டுச் சின்னப்பிள்ளை வரைக்கும் வராதாம். அதனால புதுப்பொம்பிளை எல்லாருக்கும் தானே ஒரு பேர் வைக்கவேணும். ஒரு மச்சானுக்கு ‘குதிரையை முந்துறவன்’, ஒரு மச்சாளுக்கு ‘அடுப்படி நிலவு’. நீங்கள் வைச்ச பேருகளைக் கேட்டு அந்த வீட்டுப் பிள்ளையள் உருண்டு பிரண்டு சிரிச்சதாம். இன்னும் வை, இன்னும் வை எண்டு கோழிக்கும் ஆட்டுக்கும் கூடப் பேர் கேட்டுதுகளாம். அதுதான் என்ரை முதல் புத்தகம், பேப்பர் மட்டும்தான் இல்லை எண்டு சொன்னீங்கள்.

பிறகு பாலர் பள்ளிக்கூடத்தில வேலை. மத்தியானம் படுக்க வைச்சால் பிள்ளையள் கண் மூடாது. உங்கட பாஷையில இருந்த கதைப்புத்தகம் ரெண்டு மூண்டுதானாம், அதையும் அதுகள் பாடமாக்கிப்போட்டுதுகள். நீங்கள் உங்கட புருஷன் வீட்டையே கதையாக்கிப் படுக்கையடியில இருந்து சொன்னீங்கள். பெரிய மச்சான் தாடியுள்ள கிடாய் ஆனார். சின்ன மாமி வெயிலைக் கண்டால் ஒளிக்கிற கத்தரிக்காய் ஆகிட்டா. அதை அச்சடிச்சு வந்தபோது பெரிய மச்சான் வாசலில வந்து நிண்டு, "கிடாய் நானோ?" எண்டு கேட்டாராம். ஓம் எண்டீங்களாம். ஒரு மாசம் உங்கட வீட்டில தண்ணி குடிக்காத மனிசன், பேந்து சந்தையில ஆர் வந்தாலும் புத்தகத்தை விரிச்சு, இது நான்தான் எண்டு காட்டினாராம்.

அதுக்குப் பிறகு பதினொரு புத்தகம். எல்லாம் மெல்லிசு, பிள்ளையின்ரை மடியில பாரமில்லாத புத்தகம். எனக்கு ஒரு எழுத்தும் விளங்காட்டிலும் படம் பாத்திருக்கிறன். உங்கட மருமேள் மதினா அதுகளைக் கண்ணாடி அலுமாரியில வைச்சிருக்கிறாள்.

மதினாவைப் பற்றியும் உங்களோட எனக்கு ஒரு கோபம் இருந்தது. நீங்கள் இருந்தால் அவள் இருக்க மாட்டாள், நிப்பாள். மருமேளைக் கால் கடுக்க நிக்க வைக்கிற மாமி எண்டு நினைச்சு, அவளுக்குக் கதிரை இழுத்துப் போட்டன். அவள் இருக்கேல்லை. உங்களை அவள் பேர் சொல்லாமல் ‘வெள்ளைக்கை’ எண்டு கூப்பிடுறாள் எண்டும், அது அவள் வந்த அண்டைக்கு நீங்கள் மாக்கையோட அவளைக் கட்டிப்பிடிச்சதால வைச்ச பேர் எண்டும் பேந்துதான் அறிஞ்சன். அந்தக் கோபத்தை மட்டும் விட்டிட்டன். அப்பிடி விட்டது எனக்குக் குறைவு.

இனிச் சண்டைக்கு வாறன்.

என்ரை தங்கச்சி தவமணியைப் பற்றி உங்களுக்கு நான்தான் சொன்னன். சூரிச்சுக்கு அங்கால வில் எண்ட ஊரில இருக்கிறாள். அம்மா அவளோடதான் இருந்தவ. ஒன்பது வருஷத்துக்கு முன்னம் எனக்கு வயித்தில ஒப்பரேஷன். நான் லுட்சேர்ன் ஆஸ்பத்திரியில கிடக்கேக்கை அம்மா செத்துப்போனா. வருத்தக்காரிக்குச் சொல்லப்படாது எண்டு தவமணி முடிவெடுத்து எல்லாற்றை வாயையும் கட்டிப்போட்டாள். என்ரை மகள் சுகந்தியே செத்தவீட்டுக்குப் போய்வந்து, முகம் கழுவிக்கொண்டு என்ரை கட்டிலடியில வந்து இருந்து, அம்மம்மா சுகமா இருக்கிறா எண்டு சொன்னவள். தையல் வெட்டின பிறகுதான் எனக்குச் சொன்னது. அப்ப அம்மா சாம்பல். ஊரில நடந்தால் கடல் குறுக்க எண்டு மனதைத் தேற்றலாம். இது சூரிச்சில றெயின் மாறினால் வாற தூரம். மகளின்ரை சோத்தைத் திண்டுகொண்டு அவளோட கோபம் வைச்சிருக்க ஏலாது. அதனால அவளின்ரை பங்கையும் சேர்த்துத் தவமணியில வைச்சன். தங்கச்சியின்ரை போனை எடுக்கிறதில்லை. கோயில்ல கண்டால் மற்றப் பக்கத்தால சுத்துவன்.

நான் உங்களுக்கு இதைச் சொல்லேக்கை மெஷின் பிழியிற சத்தம். "எனக்கு ஆரும் சொல்லேல்லை, எனக்கு ஆரும் சொல்லேல்லை" எண்டுதான் திருப்பித் திருப்பிச் சொன்னன். ஈர விரிப்பின்ரை ஒரு தலைப்பை நீங்களும் மற்றத் தலைப்பை நானும் பிடிச்சு மடிச்சம்.

அடுத்த மாரிக் குளிரில பிள்ளையளுக்குக் கதை சொல்லுற நாள் எண்டு வாசிகசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனீங்கள். சின்னக் கதிரையள், நிலத்தில பிள்ளையள். நீங்கள் உங்கட பாஷையில வாசிக்க, மதினா ஜேர்மனில சொன்னாள். இஞ்சத்தைய சனம் கான்ஸ் எண்டு சொல்லுற, எங்கட தாராவுக்கு மூத்த அக்கா மாதிரிப் பெரிய, கழுத்து நீண்ட பறவையின்ரை கதை. அந்தத் தாரா ஒண்டையும் மறக்காது. தன்ரை புல்லை மிதிச்ச மாட்டையும் அந்த மாட்டின்ரை தாயையும் மறக்காது. பனி விழுந்தால் பனியைப் பாத்துச் சீறும். இடக்காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும். பிள்ளையள் சிரிச்சுதுகள். நானும் சிரிச்சன், அக்கா. எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சன்.

பிறகு குளம் உறையுது. மற்றத் தாராவெல்லாம் பறக்க ஆயத்தம். இதுக்குச் செட்டையில நோ, நாணலுக்குள்ள கிடக்குது. குளம் உறைஞ்சதை இதுக்குச் சொல்லாதேங்கோ எண்டு தங்கச்சித் தாரா தடுத்திட்டுது. ஒருநாள் காலமை இது எழும்பி வந்து பனிக்கட்டியில கால் வைச்சு வழுக்கி விழுந்து, "எனக்கு ஆரும் சொல்லேல்லை" எண்டு சொல்லிச்சுது.

பிள்ளையள் இன்னும் சிரிச்சுதுகள். எனக்குக் காதுக்குள்ள கொதிச்சது. பையை எடுத்துக்கொண்டு எழும்பினன். நீங்கள் கண்டீங்கள். வாசிக்கிறதை நிப்பாட்டேல்லை.

இழுக்கிற இடக்கால் என்ரை கால், அது நான் மெஷினடியில சொன்ன கதை. கேட்டுப்போட்டுச் செய்திருக்கலாமெல்லோ? நான் எழும்பினதுக்கு இண்டைக்கும் வருத்தப்படேல்லை. ரெண்டு நாளால பின்னேரம் என்ரை கதவடியில ஒரு தட்டு. எண்ணெயில பொரிச்ச உங்கட மாப்பலகாரம், சூடு ஆறேல்லை. ஆளைக் காணேல்லை. பலகாரத்தை எடுத்துக்கொண்டு தட்டை வெறுமையாத் திருப்பி உங்கட வாசலில வைச்சன். எங்கட சனத்தில அயல்வீட்டுத் தட்டை வெறுமையாக் குடுக்கிறதில்லை, ஒரு கை சீனியாவது போட்டுக் குடுக்கவேணும். வெறும் தட்டு எண்டால் இனிப் போக்குவரத்தில்லை எண்டு அர்த்தம். உங்களுக்கு அது விளங்கினதோ? இல்லாட்டி, ரெண்டாம் மாடிக்காரி தட்டை வடிவாக் கழுவித் தந்திருக்கிறாள் எண்டு நினைச்சீங்களோ? அந்த மாரி முழுக்க நான் உங்களோட கதைக்கேல்லை. நீங்கள் படியில கண்டால் தலையைக் குனிஞ்சு எனக்கு வழி விட்டீங்கள். அதையும் நான் நக்கல் எண்டு எடுத்தன். மூத்த ஆளுக்கு வழிவிடுறது உங்கட வழக்கமாம். நான் உங்களுக்கு இளையவள் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?

ஒரு காலமை மணி அடிச்சுது. மதினா. கறுத்தத் துண்டு. உள்ள வரட்டோ எண்டு கேக்கேல்லை, சுத்தி வளைக்கேல்லை, இருங்கோ எண்டும் சொல்லேல்லை. நிமிர்ந்து நிண்டு சொன்னாள்.

"வெள்ளைக்கை இண்டைக்கு விடியச் செத்துப்போனா. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்."

டொக்டருக்குப் போன் அடிச்சு மகன் வந்தது மட்டும்தானாம், ஊருக்கே இன்னும் சொல்லேல்லையாம். உங்கட வழக்கத்தில செத்தவீட்டுச் செய்தியை வாயாலதான் கொண்டுபோகவேணும், போற ஆள் நிண்டுகொண்டுதான் சொல்லவேணுமாம். முதல் சொல்லவேண்டியது வீட்டு ஆக்களுக்காம். நான் எப்ப உங்கட வீட்டு ஆளானன், அக்கா? எனக்கு ஒருத்தி சொல்லிப்போட்டாள் எண்டதுதான் மனதில ஓடினது. சாவை ஒருத்தி எனக்குச் சாவு எண்டே சொன்னாள்.

உங்களைப் பிளேனில ஏத்தி உங்கட மலையடிக்கே கொண்டுபோனாங்கள். நீங்கள் போன பிறகு மேல எண்ணெய் கொதிக்கிற மணம் வந்தது. செத்தவைக்கு மணம்தான் போய்ச்சேருமாம், அதுக்காகப் பொரிக்கிறதாம். எங்கட வீடுகளில எட்டாம் நாள் வரைக்கும் எண்ணெய்ச்சட்டி வைக்கிறதில்லை, எட்டுக்குத்தான் பொரிப்பம். உங்களுக்கு மணம் வந்ததோ? மலையடி மட்டும் போகுமோ அது?

போன மாசம் மதினாவை என்ரை குசினிக்குள்ள இருத்தினன். இந்த முறை இருந்தாள். தேத்தண்ணி வைச்சுக் குடுத்திட்டுக் கேட்டன், ஏன் உன்ரை மாமி என்னைத் தாராவாக்கினவ எண்டு. அவள் கோப்பையைச் சுத்திக்கொண்டிருந்து சொன்னாள், மாமி ஆருக்கும் சும்மா பேர் வைக்க மாட்டா, வீட்டு ஆளுக்குத்தான் வைப்பா, வெளி ஆளுக்கு அவையவையின்ரை பேரே போதும் எண்டு. புருஷன் வீட்டுக்கு வெளியில மாமி பேர் வைச்சது எனக்கு மட்டும்தானாம். அப்ப, நான் எழும்பிப் போன பிறகு என்ன நடந்தது, வாசி எண்டன். மேல போய் அலுமாரியில இருந்து எடுத்துவந்து ஜேர்மனில சொல்லி வாசிச்சாள்.

நீங்கள் கடைசியில அந்தத் தாராவை மன்னிக்க வைச்சிருப்பீங்கள் எண்டு நான் பல்லைக் கடிச்சுக்கொண்டிருந்தன். பிள்ளையளின்ரை புத்தகமெல்லோ, கட்டிப்பிடிச்சு முடியும் எண்டு நினைச்சன். அப்பிடி எழுதியிருந்தால் புத்தகத்தைத் திருப்பி மதினாவின்ரை கையில குடுத்துக் கதவைச் சாத்தியிருப்பன்.

நீங்கள் அப்பிடிச் செய்யேல்லை. செட்டை நோவோடயே அது எழும்பிப் பறக்குது. தங்கச்சித் தாரா வந்து முன்னுக்குப் பறக்குது, முன்னுக்குப் பறக்கிறது காத்தை வெட்டிக் குடுத்தால் பின்னுக்கு வாறதுக்குப் பாரம் குறையுமாம். பின்னுக்கு வாறது கடல் முழுக்க, எனக்கு ஆரும் சொல்லேல்லை, எனக்கு ஆரும் சொல்லேல்லை எண்டு சொல்லிக்கொண்டே வருது. முன்னுக்குப் போறது திரும்பேல்லை. திரும்பினால் வரிசை குழம்பும். ஆனா ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டே பறக்குது. கடல் முடிஞ்சு கரை தெரியுது. கதையும் முடியுது.

மதினா புத்தகத்தை மூடினாள். இவ்வளவுதானோ எண்டு கேட்டன். இவ்வளவுதான் எண்டாள்.

போன சனிக்கிழமை நான் வில்லுக்குப் போனன், அக்கா. சுகந்திக்குச் சொல்லேல்லை. அவளுக்கும் ஒருக்கால் தெரியாமல் இருக்கட்டும். சூரிச்சில தட்டுத்தடுமாறி மாறினன். தவமணி கதவைத் திறந்து என்னைக் கண்டதும் கையில இருந்த அகப்பையைக் கீழ வைக்க மறந்து நிண்டாள். மெலிஞ்சு போனாள். அம்மாவின்ரை கன்னம் அவளுக்கு வந்திட்டுது, ஒன்பது வருஷத்தில.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" சப்பாத்துக் கழட்ட முன்னமே கேட்டன்.

"நீ வயித்தை வெட்டித் தைச்சுக்கொண்டு கிடந்தனி. தையல் பிரிஞ்சிடும் எண்டு பயந்தன், அக்கா."

"பிரிஞ்சால் திருப்பித் தைப்பாங்கள். அம்மாவைத் திருப்பி எரிக்கலாமோ?"

நான் விறாந்தையில நிண்டு, பிறகு குசினியில இருந்து, ஒன்பது வருஷத்தையும் சொன்னன். கோயில்ல அவள் கட்டின சீலை நிறம் வரைக்கும் சொன்னன். அவள் கறியைக் கிண்டிக்கொண்டு, அடுப்பை நூத்திட்டு, என்ரை முன்னால வந்திருந்து, ஒண்டுக்கும் குறுக்க கதைக்காமல் கேட்டாள். நான் மூச்சு வாங்கின நேரம்தான் வாய் திறந்தாள்.

"இன்னொண்டு இருக்கு. இதையும் கேட்டுப்போட்டு நீ போறதெண்டால் போ. அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் நினைவு இருந்தது. பூரணத்துக்குச் சொல்லிவிடு, மறைக்காதை எண்டு என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னவ. ஓம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் மறைச்சனான்."

அக்கா, நீங்கள் அந்த இடத்தில இருந்திருக்க வேணும். நான் கோபத்தைக் கொண்டுபோய் இறக்கிவைக்கப் போனவள். அவள் அதுக்கு மேல இன்னொரு மூட்டையைத் தூக்கி வைச்சாள். சொல்லாமலே விட்டிருக்கலாம், எனக்கு ஒருநாளும் தெரிய வந்திராது. ஆனா அவள் சொன்னாள். நேர முகத்தைப் பாத்துச் சொன்னாள்.

என்ரை கை பையின்ரை வாரைப் பிடிச்சது. பிடிச்சபடி இருந்தன். எழும்பேல்லை.

அம்மா வேற என்ன சொன்னவ எண்டு கேட்டன். அவள் சொல்லத் தொடங்கினாள். ஒன்பது வருஷமா ஆருக்கும் சொல்லாமல் எனக்கெண்டு வைச்சிருந்தவளாம். கடைசி ரெண்டு நாளையும் விடியப் பொழுதுபடச் சொல்லிக்கொண்டு போனாள். என்ன குடிச்சவ, ஆரை ஏசினவ, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தவ எல்லாம். பாதி சொல்லி முடிய என்ரை றெயினுக்கு நேரம். மிச்சத்தை வந்து கேக்கிறன் எண்டு எழும்பினன். கறிச்சட்டியைக் கட்டித் தந்தாள். வாங்கினன். மன்னிச்சனெண்டு நினையாதேங்கோ. சட்டியைத்தான் வாங்கினது.

நீங்கள் கதையைக் கரை தெரிஞ்ச இடத்தில விட்டீங்கள். இறங்கின பிறகு ரெண்டு தாராவும் என்ன கதைச்சுதுகள் எண்டு நீங்கள் எழுதேல்லை. தெரியாமல் விட்டீங்களோ, இல்லாட்டி நான்தான் போய்ப் பாக்கவேணும் எண்டு விட்டீங்களோ? வாற சனிக்கிழமையும் வில்லுக்குப் போறன். கோபத்தோடதான் போறன். அங்க என்ன கதைச்சம் எண்டதை ஒண்டும் விடாமல் வந்து உங்களுக்குச் சொல்லுவன். எனக்கு மறக்காது எண்டது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் பேர் வைச்ச வீட்டு ஆள்,
உங்கட ரெண்டாம் மாடித் தங்கச்சி
பூரணம்